அழைப்பின் நடுவே உறைந்துபோகும் மூன்றாம் இருக்கைக் கணினி

அனுப்புநர்:
முதுநிலை அழைப்புப் பணியாளர்,
நான்காம் இருக்கை, பகல் பணிக்குழு,
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஆம்புலன்ஸ் சேவைத் தலைமை அலுவலகம்.

பொருள்: புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தியபின் கணினி உறைந்துபோவதைச் சரிசெய்யவும், அதன் பொருட்டுச் சக பணியாளர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை ரத்து செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் அறைக் கணினிகளில் வரைபடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தாங்கள் கூடுதல் திரைகள் வழங்கினீர்கள். நல்ல ஏற்பாடு, நன்றி. அந்தத் திரைகளை இயக்கும் கிராபிக்ஸ் கார்டு முதலில் மூன்றாம் இருக்கையில் பொருத்தப்பட்டது. அன்று மாலையே அந்தக் கணினி உறைந்தது. படம் அப்படியே நின்றுவிடும், மவுஸ் நகராது, விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அசைவு இராது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டால்தான் உயிர் வரும்.

2. கார்டு வழங்கிய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். தூசி தட்டச் சொன்னார்கள், தட்டினோம். கடைசியாக, "நீங்க ஒரே நேரத்துல நிறைய கீ அமுக்குறீங்க மேடம்" என்றார்கள். அவசர அழைப்பில் பொறுமையாக ஒவ்வொன்றாக அமுக்க இங்கே யாருக்கும் அவகாசம் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

3. மூன்றாம் இருக்கையில் பணிபுரிந்த பெண்ணை அறையில் எல்லோரும் 'வானொலி அக்கா' என்போம். எந்த அழைப்பிலும் அவர் குரல் ஏறாது, இறங்காது. சென்ற மாதம் அவருக்கு ஓர் இளம்பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. விலாசம் கேட்டபோது அந்தப் பெண், "கல்யாணமாகி இப்பதாங்க இந்த வீட்டுக்கு வந்தேன். தெரு பேரே தெரியாது" என்று அழுதார். அழைப்பு வந்த இடத்தை வரைபடம் காட்டியிருக்க வேண்டும். அது பெரிதாகித் தெருவை நெருங்கும்போதே திரை உறைந்தது; தொலைபேசி தனி இணைப்பு என்பதால் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அழைப்பை ஏற்ற கணினியில் மட்டுமே இடம் தெரியும் என்பதால் பக்கத்து இருக்கையில் இருந்த என்னாலும் பார்க்க முடியவில்லை.

4. அக்கா பதறவில்லை. "அழாதம்மா. மாமாவை அப்படியே சுவத்துல சாய்ச்சு உக்கார வை. போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு வாசலுக்கு வா. எதிர்ல என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லு" என்றார். அந்தப் பெண் சொன்னார்: ஓர் அச்சகம், மூடிய மருந்துக் கடை, இறக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அக்கா சொல்லச் சொல்ல நான் வயர்லெஸ்ஸில் அந்தப் பகுதி ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சொன்னேன். "இறக்கத்துல அச்சகமா? புரிஞ்சுபோச்சு, வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றார் அவர். வண்டி வாசலில் நிற்கும்வரை அக்கா அந்தப் பெண்ணின் பேச்சை அறுந்துபோக விடவில்லை. தாமதம் ஆனது உண்மை. பெரியவர் பிழைத்ததும் உண்மை.

5. தாமதத்துக்காக அவரை இடமாற்றி வந்த ஆணை, 'அழைப்பாளரிடம் தேவையற்ற பேச்சில் ஈடுபட்டார்' என்கிறது. அக்கா இப்போது கீழ்த்தளச் சாமான் அறையில் போர்வைகளையும் முகக்கவசப் பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டிருக்கிறார். அந்த அழைப்பில் தேவையற்ற ஒரு சொல் எது என்று எனக்கு எவரேனும் எடுத்துக்காட்டினால் நன்றியுடையவளாவேன்.

6. கோளாறு எங்கே என்று தெரியாமல் மனு எழுதுவது முறையாகாது. எனவே பணிக்குழு அதிகாரியின் அனுமதியுடன், அழைப்புகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றிவிட்டுச் சோதித்தோம். கார்டைக் கழற்றினால் கணினி உறையவில்லை. அதே கார்டைப் பயிற்சி அறையின் புதிய கணினியில் போட்டோம், அங்கேயும் உறையவில்லை. திரும்ப மூன்றாம் இருக்கையில் போட்டு, எல்லாத் திரைகளிலும் வரைபடத்தைப் பெரிதாக்கினோம். உறைந்தது.

7. இதைக் காட்டிய பிறகே நிறுவனத்தின் தொழில்நுட்பர் நேரில் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், பயிற்சி அறைக் கணினியின் பவர் சப்ளையைக் கொண்டுவந்து இதில் மாட்டினார். மாலைவரை எவ்வளவு பாடுபடுத்தியும் கணினி உறையவில்லை. பழைய கணினியின் பவர் சப்ளை இந்தக் கார்டு கேட்கும் மின்சாரத்தைத் தாங்காது என்று விளக்கினார். "பொண்ணும் நல்ல பொண்ணு, மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளை. பொருத்தம் பாக்காம கட்டி வச்சுட்டாங்க" என்றார். சிரித்தோம். அதையே எழுத்தில் கேட்டதும், "கம்பெனியில கேக்காம எழுத முடியாதுங்க" என்று பையை மூடிவிட்டார். கடன் வாங்கிய பவர் சப்ளை பயிற்சி அறைக்கே திரும்பிவிட்டது. கணினி மறுபடியும் உறைகிறது.

8. வரும் வெள்ளிக்கிழமை மற்ற இருக்கைகளுக்கும் இதே கார்டு பொருத்தப்பட இருக்கிறது. அவையும் அதே பழைய கணினிகள்தாம். இன்று ஓர் இருக்கையில் இருக்கும் கோளாறு அன்று அறை முழுவதும் பரவும்.

9. "ஊர் வம்பை ஏன் தலையில் போட்டுக்கொள்கிறாய்?" என்று என் கணவர் கேட்டார். இதை ஊர் வம்பு என்று நான் கருதவில்லை.

ஆகவே, தகுந்த பவர் சப்ளை மாற்றப்படும்வரை எந்த இருக்கையிலும் புதிய கார்டு பொருத்த வேண்டாம் என ஆணையிடுமாறும், வானொலி அக்கா மீதான ஆணையை ரத்து செய்து அவரை அழைப்புப் பணிக்கே திருப்பி அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியதை அப்படியே நம்பவேண்டும் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒருநாள் தாங்கள் நேரில் வந்து மூன்றாம் இருக்கையில் அமருங்கள். வரைபடத்தைத் தங்கள் கையாலேயே பெரிதாக்குங்கள். திரை உறையாவிட்டால் இந்த மனுவை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு, தாங்கள் தரும் எந்தத் தண்டனையையும் ஏற்பேன். உறைந்தால், உடனே எழுந்துவிடாமல், இணைப்பின் மறுமுனையில் ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று எண்ணி, அடுத்து என்ன பேசியிருப்பீர்கள் என்று மட்டும் அங்கேயே அமர்ந்து யோசித்துப் பாருங்கள்.

இடம்: கட்டுப்பாட்டு அறை, முதல் மாடி
நாள்: ஜூலை 9

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நான்காம் இருக்கைப் பணியாளர்