அட்டையில் இருப்பவள்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று குடும்பப் படங்களுக்கு டச்சிங். ஒருவருக்கு இரட்டைத் தாடையைக் கரைத்தேன். இன்னொருவருக்கு முன்வழுக்கையில் நான்கு முடி நட்டேன். மகன் வெளி வேலைக்குப் போய்விட்டான்; ஸ்டூடியோவில் நான் மட்டும்தான்.

மாலை நான்கே காலுக்குக் குட்டி வரவேண்டும். வரவில்லை. எதிர்வரிசை ரொட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிகிறது. ரொட்டிக்கடைக்காரர் மகள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள், என் பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னிடம் இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று? அப்படி என்னதான் சொல்கிறாள் அந்த வாயாடி?

வாயாடி என்பது நான் வைத்த பெயர். சரியான பெயர்தான்.

செப்டம்பர் 4, புதன்

இன்றும் வரவில்லை. அவளுக்காக வாங்கி வைத்த பிஸ்கட்டை நானே தின்றேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தேதான் தின்றேன்.

செப்டம்பர் 7, சனி

இரவுச் சாப்பாட்டில் வாயாடியின் பேரை இருபத்திரண்டு தடவை சொன்னாள் குட்டி. எண்ணினேன். அவள் இப்படிச் சொன்னாள், அவள் அப்படி நடந்தாள், அவளுக்குக் கணக்கு வராது, அவளுக்கு விசில் அடிக்க வரும். மருமகளுக்கு முகமெல்லாம் பல். "இப்பதான் மாமா இவளுக்குன்னு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா" என்கிறாள்.

இத்தனை நாள் நான் யாராம்?

குட்டிக்கு இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் சிவந்த மச்சம். பிறக்கும்போதே இருந்தது. ஆபத்து இல்லை, ஆனால் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூங்காவில் ஒரு அம்மாள் "சூடு பட்டுச்சா?" என்று கேட்டபோது, "உங்க நாக்குல பட்டிருக்கணும்" என்று சொன்னது யார்? விளையாட்டில் இவள் கையைப் பிடிக்கமாட்டேன் என்ற பையனின் வீட்டு வாசலில் போய் நின்றது யார்? பதினோரு வருஷம் நான் ஒற்றை ஆளாகக் கட்டிய மதில். ஜூன் மாதம் குடிவந்த ஒரு வாண்டு அதில் சொகுசாகச் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

வீட்டில் மாட்டியிருக்கிற எந்தப் படத்திலும் அந்த மச்சம் கிடையாது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நானே எடுத்து, நானே டச் செய்து மாட்டியவை. ஐம்பத்தெட்டு வயதில் யாரும் சொல்லித்தராமல் கம்ப்யூட்டர் கற்றவன் நான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கை பட்ட இடம் தெரியாது. எவளாவது விசில் அடித்து அதைச் செய்ய முடியுமா?

செப்டம்பர் 12, வியாழன்

ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வர நானே பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். "தாத்தா, நாங்க நடந்தே வர்றோம்" என்றாள் குட்டி. வாயாடி வேறு, "பாத்துப் போங்க போட்டோ தாத்தா" என்று எனக்கே வழியனுப்பு.

காலி ஸ்கூட்டரில் திரும்பினேன்.

செப்டம்பர் 18, புதன்

நினைத்தது நடந்துவிட்டது.

பள்ளியிலிருந்து கடிதம். ஒரு மாதத்தில் குட்டி பதினோரு நாள் வகுப்புக்கு வரவில்லையாம். தினமும் எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவள். மகன் பள்ளிக்குப் போன் செய்து கேட்டான். அதே பதினோரு நாள் ரொட்டிக்கடைப் பெண்ணும் வரவில்லையாம். தேதிகூட மாறவில்லை.

குட்டியைக் கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கடி போனீங்க?" என்றாள் மருமகள். "எங்கயும் போகல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

நான் நேராக ரொட்டிக்கடைக்குப் போனேன். குட்டி பின்னாலேயே ஓடி வந்தாள். "உங்க பொண்ணு என் பேத்தியக் கெடுத்துட்டா. ரெண்டும் சேர்ந்து ஊர் சுத்துது" என்று நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "என்னம்மா, பெரியவர் சொல்றாரு?"

வாயாடி என் பேத்தியைப் பார்த்தாள். என் பேத்தி லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. உடனே அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது தெரிந்துகொள்ளட்டும், யார் அசல் யார் போலி என்று.

செப்டம்பர் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகனும் நானும் குட்டியோடு பள்ளிக்குப் போனோம். ரொட்டிக்கடைக்காரர் மகளோடு வந்திருந்தார். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் வருகைப் பதிவேட்டோடு நின்றார். முதல் பாடவேளை அவருடையது. நான்தான் முதலில் பேசினேன். "ரெண்டு பேரையும் வேற வேற பிரிவுல போடுங்க. அது ஒண்ணுதான் வழி." தலைமையாசிரியை யோசித்துவிட்டு, "செய்யலாம், திங்கள்ல இருந்தே மாத்திடலாம்" என்று பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் குட்டி வாயைத் திறந்தாள்.

"நாங்க தினமும் கிளாஸ்லதான் மிஸ் இருந்தோம்."

கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்துதான் அதைத் தினமும் மாட்டவேண்டும். படம் நான் கொடுத்தது. மச்சம் இல்லாத படம்.

"இந்தக் கார்டுல இருக்கறவதான் எங்க கிளாஸாம். நான் வேற யாரோவாம். மொதல்ல சும்மா சிரிச்சாங்க. அப்புறம் என் பேரைக் கூப்பிட்டதும் பின் பெஞ்சுல இருந்து 'வரல சார், இன்னும் வரல சார்'னு கத்துவாங்க. நான் எழுந்து நின்னா எல்லாரும் கார்டையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க. அதான் சில நாள் எழுந்திரிக்கல."

கணக்கு வாத்தியார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்குகிற ஜாதி இல்லை போலிருக்கிறது. வரவில்லை என்று குரல் கேட்டால் அப்படியே போட்டுவிடுவார். இப்போது மட்டும் தலை நன்றாகக் குனிந்திருந்தது, வேறு காரணத்துக்கு.

"நீ ஏம்மா பேர் கூப்பிட்டப்ப எழுந்திரிக்கல?" என்று வாயாடியைக் கேட்டார் தலைமையாசிரியை.

"அவ வரலைன்னா நானும் வரலதானே மிஸ்."

பதினோரு நாள். அந்த வாயை வைத்துக்கொண்டு பதினோரு நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

மகன் கேட்டான், "வீட்டுல ஏன்டா சொல்லல?" குட்டி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தாத்தா போட்ட படம்ப்பா. சொன்னா தாத்தாவுக்குக் கஷ்டமா இருக்கும். அவகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

பின் பெஞ்சு மூன்று பேரின் பெற்றோருக்கு ஆள் அனுப்பினார்கள். பிரிவு மாற்றம் இல்லை. பதினோரு நாளையும் திருத்திவிட்டார்கள். புதுப்படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள்.

நான் ரொட்டிக்கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே "வரேன் பெரியவரே" என்றார்.

செப்டம்பர் 21, சனி

தப்பு அந்தப் பையன்கள் மேல்தான். படத்தின் மேல் என்ன தப்பு? இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். சொன்னதில் மாற்றம் இல்லை. ஊரில் எல்லாருக்கும் பருவைத் துடைக்கிறேன், கருவளையத்தை எடுக்கிறேன். என் சொந்தப் பேத்திக்குச் செய்தால் குற்றமா? அவள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே.

மருமகள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷத்தில் என்னை எதிர்த்துப் பேசாதவள்.

"காக்கா கூடத் தன் குஞ்சைப் பொன்குஞ்சுன்னுதான் மாமா சொல்லும். வெள்ளையடிக்காது."

மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனும் அவள் பக்கம்.

நான் பாதியில் கை கழுவினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பேசவில்லை. யாரோடும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒன்றை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். சரி. ஆனால் அந்தக் கஷ்டத்தை இறக்கிவைக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அது நான் இல்லை. நானாக இருக்கவும் முடியாது, கஷ்டமே நான்தானே.

வாயாடிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கடையில் நாலு பேர் முன்னால் நான் கத்தியபோதும் தெரிந்துதான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே நாறியிருப்பேன். சொல்லவில்லை.

அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

செப்டம்பர் 28, சனி

தலையில் இடி.

குட்டி புதுப்படம் எடுத்துவிட்டாளாம். எங்கே? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், முனைக்கடைக்காரனிடம். பன்னிரண்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஆள். ஒரு லைட்டை வைத்துக்கொண்டு ஸ்டூடியோ என்று போர்டு போட்டவன். கூட யார் போனது? சொல்லவேண்டுமா!

சொந்த ஸ்டூடியோ. அப்பன் கேமரா பிடிக்கிறான். பாட்டன் முப்பத்தைந்து வருஷம் இதிலேயே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். பேத்தி காசு கொடுத்து வெளியே படம் எடுக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

"பாக்கணும், காட்டு" என்றேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுபாவி. முகத்தை ஒரு பக்கம் திருப்பியிருக்கிறான். லைட் வலது பக்கம் மட்டும். இடது கன்னம் முழுக்க இருட்டு. மச்சத்தை நிழலுக்குள் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பியிருக்கிறான்.

"அவன் யாரு உன் கன்னத்தை ஒளிக்கிறதுக்கு? இதுல பாதி மூஞ்சிதான் இருக்கு" என்று கத்தினேன்.

"நீங்க எடுத்ததுலயும் பாதிதான் தாத்தா இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் லைட்டில் செய்ததை நான் மௌஸில் செய்தேன். என் வேலை சுத்தம், அவன் வேலை அசிங்கம், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் செய்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபம், என் படங்களைப் பார்த்து ஒரு நாளும் வந்ததில்லை.

"முழுசா எடுக்க வருமா தாத்தா உங்களுக்கு?"

"எனக்கு வராத வேலையா? இடது பக்கம் லைட்டை வெச்சு, நேரா உக்கார வெச்சா..."

"அப்ப எடுங்க. ஆனா நீங்க கம்ப்யூட்டர்ல உக்காரும்போது அவ பக்கத்துல இருப்பா."

காவல். எனக்குக் காவல். அதுவும் அவள்.

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். "அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு" என்று சொன்னேன்.

அக்டோபர் 2, புதன்

சுவரில் உள்ள பதினோரு படங்களையும் மருமகள் துடைத்தாள். கழற்றட்டுமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவை என் உழைப்பு. இருக்கட்டும்.

அக்டோபர் 5, சனி

ஒன்பதரைக்கே லைட் போட்டேன். காவல்காரிக்கு எதற்கு மரியாதை. இருந்தாலும் கம்ப்யூட்டர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்தேன்.

பத்து மணிக்குக் குட்டி தனியாக வந்தாள்.

"எங்க உன் போலீஸ்?"

"காய்ச்சல் தாத்தா. நேத்தே படுத்துட்டா."

"அப்ப அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

"வேணாம். நீ போ, இந்தத் தடவை தாத்தா ஒழுங்கா எடுப்பாருன்னு அவ சொல்லிட்டா."

என்னை நம்பலாமா கூடாதா என்று அவள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் என் பேத்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்கிறாள். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் பொய்.

நேராக உட்கார வைத்தேன். தாடையைத் தூக்கச் சொன்னேன். ஏழு எடுத்தேன், நான்காவது நன்றாக வந்தது. பெரிதாக்கித் திரையில் போட்டேன். குட்டி என் பின்னால் நின்றாள். கை வழக்கம்போல இடது கன்னத்துக்குத்தான் போயிற்று. இது என்ன பழக்கமோ. மௌஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் பின்திரையில் இருந்த ஒரு தூசியை மட்டும் எடுத்தேன். "அது தூசிம்மா, சத்தியமா" என்றேன். "தெரியுது தாத்தா" என்று சிரித்தாள்.

அட்டைக்கு இரண்டு பிரதி அடித்தேன். காவல்காரி பார்க்கட்டும் என்று மூன்றாவதாக ஒன்றும் அடித்தேன். நாளை பின்னே பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

குட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரொட்டிக்கடைக்கு நானே போனேன். அன்றைக்குக் கத்திய பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் "வாங்க பெரியவரே" என்று நாற்காலியை இழுத்தார். உட்காரவில்லை. "உங்க பொண்ணுகிட்டக் குடுங்க. சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க" என்று உறையை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

தெருவைத் தாண்டி ஸ்டூடியோ கதவில் கை வைத்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய்க் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.