நாலாவது கிராம்பு

தூக்கத்திலும் ஃபீல்டிங் வைக்கிற என் கேப்டனே, காசிம் மச்சானே,

எல்லாவற்றையும் முன்பே சொன்னவன் நான். அஞ்சு நாள் ஆட்டம் கிடக்கட்டும், இனி ஒரு நாள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும் என்று மட்டாஞ்சேரியில் முதலில் சொன்ன வாய் இது. உலகக் கோப்பை நமக்குத்தான் என்றேன். எண்பத்து மூன்றில் வந்தது. அறுபது ஓவர் அதிகம் என்றேன், இப்போது ஐம்பதாக்கிவிட்டார்கள். எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்.

நீ ஊரில் இல்லாத நேரத்தில் நம் சாயாக்கடைக்கு டிவி வந்துவிட்டது, தெரியுமா? யார் எத்தனை ஓவர் போட்டான் என்று அதிலேயே எழுதிக் காட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் உன் சட்டைப்பைதான் ஞாபகம் வருகிறது.

ஐஸ் கம்பெனிக்காரர்களோடு நடந்த அந்த இருபது ஓவர் ஆட்டம். ஒருத்தனுக்கு நாலு ஓவர்தான். நாம் வேலை பார்த்த மசாலாக் கிடங்கில் ஆன்டணி சேட்டனைப் போலப் பந்து போட ஆளில்லை. அவருக்காக நாலு கிராம்பைப் பையில் போட்டுக்கொண்டாய். அவர் ஒரு ஓவர் முடித்தால் நீ ஒரு கிராம்பை எறிவாய். மற்ற கேப்டன்கள் நல்ல பௌலரை முதலிலேயே தீர்த்துவிடுவார்கள். நீ அப்படியில்லை.

"சாயங்காலம் காயல் காத்து திரும்பும். அப்ப சேட்டன் கையில ஒரு ஓவர் பாக்கி இருக்கணும்" என்றாய்.

இன்று டிவியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். எங்கே கற்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசி ஓவர். அவர்களுக்கு எட்டு ரன் வேண்டும். பைக்குள் விரலை விட்டாய், காலி. ஸ்கோர் நோட்டு எழுதுகிறவரை நீ கேட்கவில்லை, கிராம்பைத்தான் நம்பினாய். அஞ்சாவது ஓவர் போட்டால் ஆட்டமே போய்விடும் என்று பயந்து பந்தை என்னிடம் தந்தாய். முதல் பந்து இஞ்சி காயவைக்கிற களத்தில் விழுந்தது. இரண்டாவது காயலுக்கு அக்கரையில் இருக்கும் கும்பளங்கி வரைக்கும் போயிற்று.

நோட்டைப் பார்த்தால் சேட்டன் மூன்று ஓவர்தான் போட்டிருக்கிறார். படபடப்பு வந்தால் நீ கிராம்பு மெல்லுகிறவன். நாலாவதை நீயே மென்றுவிட்டாய் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். நான் சும்மா இருந்தேனா? உன் தாடை அசைந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றேன்.

"மச்சான் பாத்தா சரியாத்தான் இருக்கும். நான்தான் மென்னிருப்பேன்" என்றாய்.

அடுத்த வாரமே உன் கேப்டன் பதவி போயிற்று. பிறகு நீ மட்டையைத் தொடவேயில்லை. நீ என் தங்கையைக் கட்டிய நிக்காஹ் அன்றும் இந்தக் கதையைச் சொல்லிப் பந்தலையே சிரிக்க வைத்தேன். உன் பிள்ளைகளும் இதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

போன வாரம் உன் மகள் கேட்டாள்: "மாமா, வாப்பா நெஜமாவே அதத் தின்னாரா?"

அதனால்தான் இந்தக் கடுதாசி.

உன் தாடை அசையவில்லை, மச்சான். அது நானாகச் சேர்த்தது. பத்து ஓவர் முடிந்த இடைவேளையில் சட்டையைக் கழற்றிவைத்து நீ முகம் கழுவப் போனாய். கடைவாய்ப் பல் எனக்கு உயிரை எடுத்தது. உன் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பல்லுக்கடியில் அடக்கிக்கொண்டவன் நான். வலியில் ஓவர் கணக்கு யாருக்கு நினைவிருந்தது?

தோற்றுத் திரும்பும் வழியில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "பல்லுவலி கொறஞ்சுதாடா?"

தெரிந்துதான் கேட்டாயா?

முதலில் உன் மகளிடம் சொல்வேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், சாயாக்கடை டிவியை அணைக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்வேன். கும்பளங்கிக்குப் போன பந்தைத் தவிர வேறு எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான்
சுலைமான்