இரைச்சலில் நன்றாகக் கேட்கும் காது

அக்டோபர் 14

காலைப் பணி. மலையைக் குடைந்து கட்டிய எங்கள் நீர்மின் நிலையத்தில் மூன்று எந்திரங்களும் ஓடின. உள்ளே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். எனக்கு ஒரு சொல்கூடத் தவறுவதில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா வாய்க்குள்ளேயே பேசுகிறாள். உரக்கச் சொல் என்றால் கோபம். “உன்கிட்ட கத்துறதுக்கு நான் என்ன ஜெனரேட்டரா?”

அக்டோபர் 20

என்னோடு பயிற்சி பெற்ற ஹாஷிம் வேலை பார்க்கும் டீசல் நிலையத்தை மூடிவிட்டார்கள். கடைசி எந்திரம் ஓடி நின்ற சத்தத்தைப் பதிந்து அனுப்பியிருந்தான். ஃபோனைக் காதில் அழுத்தி இரண்டு தடவை கேட்டேன். தூரத்தில் யாரோ கம்பளி உதறுவது போல் ஏதோ. ‘சரியாகப் பதிவாகவில்லை’ என்று எழுதினேன். உடனே கூப்பிட்டான். “என்னடி ட்ரீசா, இதப் போட்டதும் எங்க உம்மா பயந்துபோய் அடுப்ப அணைச்சுட்டாங்க!”

பயிற்சி ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது. ஏழு வருடம் ஆகிவிட்டது. ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நாங்கள் இருவரும் பெட்டியோடு பேருந்து மாறிய நாட்கள். கரி நிலையத்தில் கரியை மாவாக்கும் ஆலைகளின் உறுமல். அந்த மாவு எரிந்து, தண்ணீர் ஆவியாகி, ஆவி சக்கரத்தைத் தள்ளும்போது நீண்ட சீழ்க்கை. டீசலில் ஆவி கிடையாது, உருளைக்குள் எண்ணெய் வெடிக்கும் வேகமே தண்டைச் சுற்றும். அந்த இடி காதில் அல்ல, விலா எலும்பில் விழும். காற்றாலையின் அடியில் நின்றால் யாரோ தூங்கும் மூச்சு. எங்கே போனாலும் முடிவு ஒன்றுதான்: செம்புச் சுருளுக்குள் காந்தம் சுற்ற வேண்டும். ஹாஷிம் சொல்வான், “எல்லாம் ஒரே ஆட்டுக்கல்லச் சுத்த வந்த மருமகளுங்க. இதுல தண்ணி மட்டும் பெரிய வீட்டுப் பொண்ணு, புகையே விட மாட்டா.”

அந்தச் சத்தங்கள் எல்லாம் இன்னும் எனக்குள் தெளிவாக இருக்கின்றன. அவன் அனுப்பியது மட்டும் ஏன் கேட்கவில்லை?

நவம்பர் 3

ஆண்டுப் பராமரிப்பு. இந்த முறை மூன்று எந்திரங்களையும் சேர்த்தே நிறுத்திவிட்டோம். இவ்வளவு அமைதியாக இந்த எந்திரக் கூடத்தை நான் பார்த்ததில்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எல்லோரும் அம்மாவைப் போல் ஆகிவிட்டார்கள்.

நவம்பர் 9

இரண்டாம் எந்திரத்தைச் சோதனைக்கு ஓட்ட வேண்டும். எல்லோரும் வெளியேறிவிட்டார்கள் என்று தாள்களில் கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் இங்கே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் மோதிச் சுற்றும் சக்கரம் இருக்கும் குழியின் வாயில் நின்று “ஆளுண்டோ?” என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் தண்ணீர் திறப்போம். இன்று கூப்பிட்டவள் நான். மூன்று முறையும் பதில் இல்லை. திறக்கலாம் என்று கை தூக்கினேன்.

எங்கள் கூடத்தில் மூத்தவரான குஞ்ஞுமோன் சேட்டன் ஓடி வந்து கையைப் பிடித்து இறக்கினார். “என்ன மோளே, பைஜு உள்ள இருந்து ‘இருக்கேன், இருக்கேன்’னு தொண்டை கிழியக் கத்துறான்! கேக்கலையா?”

பராமரிப்புக் குழுவில் இருக்கும் பைஜு, மறந்துவிட்ட டார்ச்சை எடுக்க மறுபடி இறங்கியிருக்கிறான். ஏறி வந்து சிரித்தான். “மேடம் என்னை நேரா கடலுக்கே அனுப்பப் பாத்தீங்களே!” எல்லோரும் சிரித்தார்கள். மேலே குழாயில் அறுநூறு மீட்டர் உயரத்துத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கேக்கல. ஒண்ணுமே கேக்கல. ஏதோ யோசனையில இருந்தேன்னு சொல்லிட்டேன். எதுக்குப் பொய் சொன்னேன்? தெரியும். காதில் குறை என்று தெரிந்தால் கூடத்தை விட்டு எடுத்துவிடுவார்கள். அந்த இடம் இல்லாமல் நான் —

நவம்பர் 10

பைஜு தன் தோட்டத்துக் கப்பைக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தான். என்னால் அதைத் தொட முடியவில்லை.

நவம்பர் 17

கோட்டயம். டாக்டர் ஓர் இரும்பு இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். தேவாலய மணி போல் கேட்டது. உள்காது நன்றாக இருக்கிறதாம். சத்தத்தை உள்ளே கடத்தும் மிகச் சிறிய எலும்பு ஒன்று இறுகிவிட்டது.

“இரைச்சல்ல நல்லாக் கேக்குமே?” என்றார் அவரே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இரைச்சல்ல சுத்தி உள்ளவங்க கத்துவாங்க. உனக்கு அந்த இரைச்சல் பாதிதான் கேக்கும். அதனால பேச்சு மட்டும் தெளிவா வரும்.”

அறுவை சிகிச்சை செய்தால் சரியாகும். ஆனால் அதற்குப் பிறகு பெரும் சத்தத்தில் வேலை கூடாது. அமைதியில் கேட்கும் காது வேண்டுமா, கூடம் வேண்டுமா?

நவம்பர் 18

நிலையத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழியில் நடந்ததையும் சேர்த்து. வெளியே குஞ்ஞுமோன் சேட்டன் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார்.

“அப்ப இத்தனை வருஷம் என் ஜோக்குக்கெல்லாம் சும்மாவா சிரிச்சே?”

“இல்ல சேட்டா. இங்க எல்லாமே கேட்டுச்சு.”

என் தோளில் தட்டினார். “போய்க் காதச் சரி பண்ணு. தண்ணி எங்கேயும் போயிடாது, விழுந்துக்கிட்டேதான் இருக்கும்.”

டிசம்பர் 12

கட்டு பிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அம்மா தனக்குள்ளேயே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வரி விடாமல் கேட்டது. கேட்கிறது என்று சொல்லவில்லை. முடியட்டும் என்று படுத்திருந்தேன்.

பிப்ரவரி 26

புதிய பணி, அணைக்கு மேலே. நீர்த்தேக்கத்தில் மிதக்கும் சூரியத் தகடுகள். இங்கே எதுவும் சுற்றுவதில்லை. முதல் வாரம் கண் கலங்கியபடியே படகில் போய்வந்தேன்.

“என்ன மேடம், பவர்ஹவுஸ் ஞாபகமா?” என்றார் படகு ஓட்டும் வர்க்கிச் சேட்டன். “இது பேசாமக் கெடக்குற சாமான். இதுல கேக்க என்ன இருக்கு?”

மிதவையின் நடுவில் உள்ள பெட்டியில்தான் தகடுகளின் மின்சாரம் வீட்டுக்கேற்றதாக மாறுகிறது. இன்று அதை ஒட்டிப் படகு போனபோது, மிகச் சன்னமாக, ஓர் ஒற்றைச் சுருதி. வெயில் ஏற ஏற அதுவும் வலுத்தது. அணை மேல் ஒரு மேகம் வந்தது, சுருதி தணிந்தது. மேகம் விலகியது.

“சேட்டா, கொஞ்ச நேரம் துடுப்புப் போடாதீங்க” என்றேன்.