பூச்சி இல்லாத பற்கள்

மார்ச் 6, 1979. செவ்வாய்.

காலையில் நல்ல பனி. பத்து மணிக்குமேல் வெயில் மண்டையைப் பிளந்தது. பஞ்சுப் பெட்டியில் எலி. சல்ஃபா மாத்திரை நாலே பட்டை. பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசி மருந்து சுத்தமாக இல்லை. வியாழன் ஜீப்பில் டாக்டரம்மா கொண்டுவந்தால் உண்டு.

பதினொன்றுக்குப் பூங்காவனம் வந்தாள், புருஷன் வேடியோடு. மேல் ஊரிலிருந்து இரண்டு மணி நேர நடை. மூன்றாவது தடவை. முந்தானையால் முகத்தை முழுக்க மூடியிருந்தாள். வெளிச்சம் ஆகவில்லையாம். வலது கண், வலது கன்னம், மேல் வரிசைப் பல், நெற்றிப்பொட்டு எல்லாம் ஒரே வலி. வாசலிலேயே வாந்தி.

“இன்னொரு பல்லையும் புடுங்கிடுங்க சார். பூச்சி அதுல போய் பூந்துக்குச்சி.”

தை மாதம் ஒன்று பிடுங்கினேன். மாசி பிறந்ததும் அதற்குப் பக்கத்தில் ஒன்று. இன்றும் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துவிட்டேன். மரப்பு மருந்து இல்லாதது அப்புறம்தான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை வா என்றேன்.

வேடி: “அதுவரைக்கும் தாங்காதுங்க. எங்க ஊரு வைத்தியக் கிழவர்கிட்ட சொல்லி பொட்டுல சூடு போட்டுர்றோம்.”

“போட்டுத் தொலைச்சீன்னா இந்தப் பக்கமே வராதே” என்று கத்தினேன். அந்தக் கிழவர் போட்ட சூட்டில் போன வருஷம் ஒருத்திக்கு இமை சுருங்கிக் கண் மூட முடியாமல் போயிற்று. கத்தியிருக்க வேண்டாம். அவன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான்.

டார்ச்சுக்கு செல் வாங்க வேண்டும்.

மார்ச் 7, புதன்.

நோயாளிகள் ஒன்பது பேர். சொறி 3, பேதி 2, தேள் 1, மற்றது இருமல். தேளுக்கு வந்தவன் தேளையும் கட்டிக்கொண்டு வந்தான், நான் நம்பமாட்டேனாம்.

டீக்கடையில் புளி உலுக்கப் போகிறவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “நம்ம பல்லு கம்பவுண்டர் கைராசி யாருக்கு வரும்? பேசிக்கினே இருப்பாரு, பல்லு வெளிய கீது.” காதில் விழுந்தும் விழாததுபோல் டீ குடித்தேன். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பேச்சுக்கு நான் மயங்குகிறேன் என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

பிடுங்கிய பல்லை இங்கே யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பூச்சியும் கூடவே வந்துவிடுமாம். என்னிடமே விட்டுவிடுவார்கள். நான் சீட்டில் பெயரும் ஊரும் எழுதி, பல்லை அதில் மடித்து, ஜன்னலோரப் புட்டியில் போட்டுவைப்பேன். புட்டி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்தேன்.

ஒன்று எழுதிவிடுகிறேன். மாசியில் பூங்காவனத்துக்குப் பிடுங்கிய பல்லில் ஓட்டை இல்லை. வேர் சுத்தமாக இருந்தது. பார்த்தேன். பார்த்தும் மடித்துப் போட்டேன்.

மார்ச் 8, வியாழன்.

ஜீப் பன்னிரண்டுக்கு. டாக்டரம்மா சின்னப் பெண், என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வேலையில் கெட்டி. நாற்பது பேரைப் பார்த்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது பூ.வின் நோவைப் பற்றிக் கேட்டேன், யாரோ வழியில் என்னிடம் விசாரித்த சங்கதிபோல.

“ஒரு பக்கம் மட்டும் வலியா? எவ்ளோ நேரம் இருக்கு?”

“காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்குமாம் டாக்டர்.”

“வாந்தி? வெளிச்சம் பட்டா?”

“ரெண்டும் உண்டு.”

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முகம் வரைந்தார். காதுக்கு முன்னால் ஒரு புள்ளி, அதிலிருந்து மூன்று கோடு. முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு இதுதானாம். ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும். ஒன்று கன்னத்துக்கும் மேல் பல்லுக்கும். ஒன்று தாடைக்கு. மண்டைக்குள்ளே மூளையைச் சுற்றியிருக்கிற ரத்தக்குழாய்களுக்கும் இதே நரம்பின் இழைகள்தான் போகின்றன. ஒற்றைத் தலைவலியில் நோவு கிளம்புவது உள்ளே. ஆனால் எல்லாம் ஒரே வழியாகப் போவதால் கன்னம் நோகிறது, பல் நோகிறது என்று ஆளுக்குத் தோன்றுகிறது.

“பல்லு மேல ஒரு தப்பும் இருக்காது. பாவம், அதுதான் மாட்டிக்கும்.”

இன்னொரு நோவும் உண்டாம், அதே நரம்பில். மின்சாரம் பிடித்ததுபோல் சுரீரென்று நொடி நேரம் வெட்டிவிட்டுப் போகும். மெல்ல முடியாது, முகம் கழுவ முடியாது. அதற்கு மருந்து வேறு. இது அது இல்லை.

பிறகு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “பல்லு எதுவும் புடுங்கிடலியே?”

“இல்லைங்க டாக்டர்.”

சொல்லிவிட்டேன். ஐம்பத்தோரு வயதில், மகள் வயதுப் பெண்ணிடம், வாய் கூசாமல். பன்னிரண்டு வருஷத்துக் கைராசி அந்த ஒரு நிமிஷத்தில் என் வாயை அடைத்துவிட்டது. தூ.

அவர் சொன்னது, மறக்காமல் இருக்க:
வலி ஆரம்பிக்கும்போதே ஆஸ்பிரின், அதற்குமுன் வாந்தியை நிறுத்தும் மாத்திரை. முற்றிய பிறகு தின்றால் வயிறு ஏற்காது.
இருட்டு, ஈரத்துணி, தூக்கம்.
கடுங்காப்பி ஒரு டம்ளர்.
வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக் கூடாது. வெயில், அடுப்புப் புகை ஆகாது.
தினமும் மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலி கொடுக்கும். முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்காமல் கொடுக்காதே.

மரப்பு மருந்து ஒரு பெட்டி வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 9, வெள்ளி.

பூ. வரவில்லை. மத்தியானம் வரை வாசலையே பார்த்தேன். ஒருவேளை நோவு விட்டிருக்கும். ஒருவேளை கிழவரிடம் போயிருப்பார்கள். நான்தானே வராதே என்று விரட்டினேன்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுப் புட்டியை மேஜைமேல் கவிழ்த்தேன். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பெரும்பாலும் சொத்தை, கறுப்பு, பாதி உடைந்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு ஒன்று வெள்ளையாக. பிறகு இன்னொன்று.

நல்ல பற்கள் மொத்தம் ஒன்பது. பூ.வின் இரண்டையும் சேர்த்து.

வீட்டிலிருந்து வந்த கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை.

மார்ச் 10, சனி.

விடிந்ததும் புறப்பட்டேன். மாத்திரை, காப்பித்தூள், சுத்தத் துணி. மேல் ஊர் போய்ச் சேர மணி எட்டரை. முழங்கால் போயிற்று.

வாசலில் அடுப்பு மூட்டி ஏதோ காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன். அடுப்பில் அரிவாள் நுனி சிவந்துகொண்டிருந்தது. கிழவர் குந்தியிருந்தார். உள்ளே பூ. சுவரோரம் சுருண்டு கிடந்தாள். விடியற்காலையில் திரும்ப ஆரம்பித்ததாம். வலது பொட்டில் மஞ்சளால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள், சூட்டுக்கு இடம்.

வேண்டாம் என்றேன். இது பல்லும் இல்லை பூச்சியும் இல்லை, நரம்பு என்றேன். டாக்டரம்மா வரைந்த சீட்டைக் காட்டினேன்.

கிழவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. “போன மாசம் பூச்சின்ன. இன்னிக்கி நரம்புன்ற. நீ புடுங்கினியே ரெண்டு பல்லு, நோவு நின்னுச்சா? அத்தச் சொல்லு மொதல்ல.”

ஊரே கூடி நின்றது. வேடி என் முகத்தையே பார்த்தான். அரிவாளைத் துணி சுற்றி எடுத்துவிட்டார் கிழவர். என்ன சொல்லி மழுப்பினாலும் அந்த இரும்பு உள்ளே போய்விடும் என்று தெரிந்தது.

“நிக்கல” என்றேன். “அது நல்ல பல்லு. ரெண்டும் நல்ல பல்லு. நான்தான் தப்பாப் புடுங்கிட்டேன். ரெண்டாவதைப் புடுங்கினப்பவே எனக்குத் தெரியும். சொல்லல. ஒரு தப்பு நான் பண்ணியாச்சு, இன்னொண்ணு நீங்க பண்ணாதீங்க.”

யாரோ ஒருத்தி “அய்யய்யோ” என்றாள். வேடி எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் கிழவரின் கையிலிருந்து அரிவாளை வாங்கித் தண்ணீர்ப் பானையில் போட்டான்.

“இன்னா செய்யணும்னு சொல்லு” என்றான். சார் இல்லை, ங்க இல்லை.

கர்ப்பம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாந்தி மாத்திரை. கால் மணி கழித்து ஆஸ்பிரின், கொஞ்சம் களி கரைத்துக் கொடுத்த பிறகு. கடுங்காப்பி. உள்ளடுப்பை அணைத்து, கதவுக்குக் கம்பளி கட்டி, நெற்றியில் ஈரத்துணி. மஞ்சள் வட்டத்தை நானே துடைத்தேன். பதினொரு மணிக்குத் தூங்கினாள். வேடியும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் எழுந்து, கஞ்சி இருக்கா என்று கேட்டாள்.

மார்ச் 11, ஞாயிறு.

கால் வீக்கம். கடிதம் படித்தேன். சின்ன மகளுக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியாயிற்றாம். டார்ச் செல் மறந்தேபோனேன்.

மார்ச் 15, வியாழன்.

தூறல். ஜீப் தாமதம். டாக்டரம்மா இறங்கினதும், வேறு எதற்கும் முன்னால், போன வாரம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். ஒன்பது பொட்டலத்தையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “பேர் எழுதி வெச்சிருக்கீங்களே” என்றார். “எல்லாரையும் கூப்பிடுங்க. நான் பார்க்கறேன். பல்லு புடுங்கற குறட்டை எங்கிட்ட குடுங்க.” கொடுத்தேன்.

பூ.வும் வேடியும் வந்தார்கள். ஐந்து நாளாக நோவு இல்லை. இது திரும்ப வரலாம், வந்தால் ஆரம்பத்திலேயே இப்படிச் செய் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். களி தின்னாமல் புளி பொறுக்கப் போகக் கூடாது என்றதற்கு வேடி நாலு தடவை தலையாட்டினான்.

போகும்போது பூ. என் மேஜைக்கு வந்தாள். கை நீட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு பொட்டலம் இரண்டையும் கொடுத்தேன்.

பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நாக்கால் கன்னத்து உள்பக்கம் அந்தக் காலி இடத்தைத் தடவுவது வெளியே தெரிந்தது.

“இதுல பூச்சி இல்லீங்களே?”

“இல்லம்மா.”

“அப்ப வூட்டுக்கு எடுத்துனு போலாம்” என்றாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.