ஓர வரிசைக் கதிர்கள்

என் ஆசை அண்ணாவுக்கு,

உங்களுக்கு எழுதுவதென்றால் ஒரு நல்ல செய்தியோடுதான் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். நல்ல செய்தி வரவில்லை, வந்ததெல்லாம் எரிச்சல்தான். வீட்டில் யாரிடமும் கொட்ட முடியாது. அண்ணி தாங்கமாட்டார். அதனால் உங்களிடமே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஹய்யாவ வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணி இப்போதுதான் கொஞ்சம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வாசலில் நீங்கள் கழற்றிவைத்த சப்பாத்தை எடுக்க விடவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. கெலிஓயாவில் என் விதைக்கடையில் பெரும்போக விதைப்புக்கான கூட்டம் தொடங்கிவிட்டது. தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கம்பனியின் சோளவிதையைத்தான் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால், நீங்கள் சொன்னீர்களாம்.

ஆமாம் அண்ணா. செத்துப்போன நீங்கள் இப்போது சோளவிதை விற்கிறீர்கள்.

உங்கள் கருமாதிக்கு அந்தக் கம்பனியின் பிரதிநிதி வந்திருந்தான். நம் சொந்தக்காரர்கள்கூட அன்றைக்கு அப்படி அழவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே அண்ணியிடம் போனான். "ஐயாவோட நல்ல படம் ஒண்ணு இருந்தாக் குடுங்கம்மா. எங்க ஆபிஸ்ல எல்லாரும் பார்க்க ஆசைப்படுறாங்க" என்றான். பாவம், அண்ணி அலுமாரியைத் திறந்து, நீங்கள் வெள்ளைச் சட்டையில் சிரிக்கிற அந்தப் படத்தைக் கொடுத்தார்.

அந்தப் படத்தை நாங்கள் மறுபடி பார்த்தது தெல்தோட்டையில், நீங்கள் பரிசோதனைக்கு விதை போட்ட காணியிலேயே அந்தக் கம்பனி நடத்திய வயல் விழாவில். பதாகையில் கதவளவுக்கு உங்கள் முகம், இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகச் சோளக்கதிர். கீழே, "ஐயாவின் கடைசிப் பரிசோதனை! வென்றது எங்கள் விதை!" என்று எழுதியிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கா மலர் படம் கேட்டாங்க?" என்றார்.

நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்று உங்களுக்கே சொல்வது கோமாளித்தனம்தான். ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கும் இதைப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். விவசாயப் போதனாசிரியர் என்றால் விதையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப்போகிறவர் என்று நினைப்பவர்களுக்கும் தெரியட்டும்.

தேயிலை பிடுங்கிப்போட்ட காணியைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போடுகிற சரோஜா அக்காவிடம்தான் நீங்கள் இடம் கேட்டீர்கள். நான்கு கலப்பின விதைகள், அந்தக் கம்பனியுடையது அதில் ஒன்று. எது எந்தத் துண்டுக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டீர்கள், ஒரு விதைக்கு மட்டும் நல்ல மண் வாய்த்துவிடக் கூடாதாம். மேட்டிலும் பள்ளத்திலும் எல்லா விதையும் இருக்க வேண்டும். உரமும் ஒன்று, விதைக்கிற நாளும் ஒன்று. கதிரை மடலோடும் ஈரத்தோடும் நிறுக்கவே விடமாட்டீர்கள். காயவைத்து, உதிர்த்து, மணியை மட்டும் தராசில் வைப்பீர்கள்.

ஒவ்வொரு துண்டிலும் ஓர வரிசையைக் கணக்கில் சேர்க்கமாட்டீர்கள். ஓரத்துச் செடிக்கு வெயில் தாராளம், பக்கத்தில் போட்டிக்கு ஆளில்லை. எந்த விதையானாலும் அங்கே கதிர் கொழுத்துப்போகும். "அது விதையோட கெட்டித்தனம் இல்ல, நிக்கிற எடத்தோட அதிர்ஷ்டம்" என்பீர்கள். அதனால் ஓரம் ஊருக்கு என்று வைத்தீர்கள். மணி பால் பிடித்ததும் சுற்றியிருக்கிற தோட்ட லயங்களில் குடியிருக்கும் பெண்கள் வந்து ஓர வரிசையை ஒடித்துக்கொண்டு போவார்கள். அவித்துத் தின்றுவிட்டால் கணக்கில் கலக்க ஒன்றும் மிஞ்சாது. எத்தனை போகம் அப்படி நடந்தது!

இந்தத் தடவை, கதிர் பால் பிடித்த நேரத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

வயல் விழாவில் சரோஜா அக்கா என் காதுக்குள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஓர வரிசையில நாங்க கையே வைக்கல தங்கச்சி. ஐயா போன துக்கத்துல யாருக்கு அவிச்சுத் திங்க மனசு வரும்? அப்படியே விட்டுட்டோம். இவங்க வந்து அதைத்தான் ஒடிச்சாங்க. அவங்க வெதையில மட்டும் ஓரம். மத்ததுக்கெல்லாம் நடுவுல உள்ளது."

புரிகிறதா அண்ணா? உங்களுக்காக ஊர் தின்னாமல் விட்டுவைத்த கதிரை எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் அடுக்கி, உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். இதைவிடக் கேவலமாக ஒரு திருட்டைச் செய்ய முடியுமா? அவர்களுக்கு அது திருட்டு என்றே தோன்றியிருக்காது, அதுதான் இன்னும் அருவருப்பு.

தராசும் வந்தது. மடலோடு, ஈரத்தோடு, நிறுத்துக் காட்டிக் கைதட்டினார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது உத்தியோகத்தர் அந்தக் கம்பனி கொடுத்த கோழிச்சோற்றைத் தின்ற எண்ணெய்க் கையோடு ஒரு கதிரைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் போய், நடு வரிசையைத் தனியாக உதிர்த்து நிறுத்தீர்களா என்று கேட்டேன். "கண்ணால பார்த்தாலே தெரியுதே மிஸ், அதுக்கு மேல என்ன?" என்றார். சொல்லிவிட்டுப் பல் குத்தினார். நான் கேட்ட கேள்வி அந்த ஈர்க்குச்சியோடு போயிற்று.

விழா முடிந்ததும் காணி முழுக்க ஒடித்த எல்லா விதையின் கதிரையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சாக்கில் அள்ளிப் போட்டார்கள். நான் ஓடிப்போய்த் தடுக்கப் பார்ப்பதற்குள் லொறியில் ஏறிவிட்டது. இனி எது நல்ல விதை, எது மழைக்குத் தாங்கும், எதில் பூஞ்சணம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, அந்தக் கம்பனிக்கும் தெரியாது. ஒருவேளை அவர்களுடைய விதையே உண்மையில் நல்லதாக இருந்திருக்கலாம். அதையும் அவர்களே கொன்றுவிட்டார்கள்.

பிறகு அந்தப் பிரதிநிதி ஒரு பதாகையைச் சுருட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தான்.

"அக்கா, இத முன்னால கட்டுங்க. யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும். ஐயா பேருக்கும் ஒரு மரியாத தானே?"

"மரியாதையா? மொதல்ல அதத் தூக்கிட்டுப் போங்க. எங்க அண்ணன் ஒங்க வெதைய நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. சொல்றதுக்குள்ள போயிட்டாரு."

"அக்கா சும்மா கோவப்படுறீங்க" என்று சிரித்தான். கருமாதியில் அழுத அதே முகம்தான். அவன் எதிர்க்கடைக்குப் போனான், அங்கே கட்டிவிட்டார்கள். இப்போது நான் கடையைத் திறந்தால் வீதிக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். காலையில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

போன கிழமை சரோஜா அக்கா வந்தார். முழுக் காணிக்கும் அந்த விதைதான் வேண்டுமாம். என்னிடமே ஓர வரிசைக் கதையைச் சொன்னவர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அவங்க கள்ளத்தனம் பண்ணினது எனக்கும் தெரியும். ஆனா ஐயா படத்தப் போட்டிருக்காங்களே. முன்னாலேயே பார்த்து ஒரு வார்த்த சொல்லி இருப்பாரோன்னு நெனச்சேன்."

"சொல்லலக்கா. மணியக் காயவச்சு நிறுக்கிறதுக்கு முன்னால அவரு வாயே தொறக்க மாட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் எதப் போடுறது தங்கச்சி? மழ வரப்போகுது. இந்தப் போகம் வெளயாமப் போனா அடுத்த வருசம் எனக்குக் காணி கிடைக்காது" என்றார்.

உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை அண்ணா. கடை நிறைய விதையை வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு ஒரு விதையைச் சொல்ல வக்கில்லாமல் நின்றேன். இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு வந்த அருவருப்பெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இருமடங்காயிற்று. அவர்கள் திருடியது உங்கள் பெயரை மட்டும் இல்லை, அந்தப் பெண்ணுக்குச் சேரவேண்டிய பதிலையும்தான்.

கடைசியில் இருவருமாக ஒன்றை முடிவு செய்தோம். காணியில் பெரும்பகுதிக்கு அவர் போன வருடம் போட்டுப் பழகிய விதை. அது பெரிதாகக் கொடுக்காது, ஆனால் காலை வாராது. மேடும் பள்ளமும் உள்ள கீழ்ப்பக்கத்தை மட்டும் மறுபடி நான்கு விதைக்கும் பிரித்துத் தருகிறார். அண்ணி சீட்டு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். துக்கம் என்று யாரும் ஓரத்தை விட்டுவைக்கக் கூடாது, வயிறாரத் தின்ன வேண்டும் என்று சரோஜா அக்காவே லயத்தில் சொல்லிவைத்துவிட்டார்.

இனி உங்களுக்கு என் வாக்கு. அந்தக் கம்பனியின் விதைப் பையைக் கையில் எடுத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஆனாலும் அதற்கும் அதே மண், அதே உரம், அதே தராசு. ஒரு பிடிகூடக் குறைக்கமாட்டேன். நடு வரிசையைக் காயவைத்து உதிர்த்து நிறுக்கும்போது அதுதான் வென்றது என்றால், கடை வாசலில் நின்று வென்றது என்றே சொல்வேன். வாந்தி வந்தாலும் விழுங்கிக்கொண்டு சொல்வேன். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். நிறுத்தது நான் என்று சொல்வேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
மலர்