ஓரத்தில் உட்கார்ந்த வயலின்

என் செல்ல அக்கா,

இன்று சாயங்காலம் தஞ்சாவூரில் உன் இசையை வாசிக்கப் போகிறேன். நீ எனக்கென்று எழுதிவிட்டுப் போனது. மதியம்தான் ஆகிறது, அதற்குள் தந்தியைத் திருகுவதும், வில்லை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

பாட்டு இல்லை, மிருதங்கம் இல்லை, தம்பூராகூட இல்லை. ஒற்றை வயலின். ஏன் இப்படி எழுதினாய்? இத்தனை வருஷமும் நான் பக்கவாத்தியம்தானே? பாடுகிறவர் போகிற வழியில் பின்னாலேயே போய்ப் பழகிய கை இது. அன்றைக்குக் கேட்டதற்கு, "முன்னாடி போய்த்தான் பாரேன்டி" என்று சிரித்தாய். தையில் நீயே முன்னாடி போய்விட்டாய்.

நேற்று அரங்கத்தில் ஒத்திகை. மேடையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். சபா செயலாளர் வந்து, "யாரும்மா பாடுறாங்க? இன்னும் வரலையா?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், நடுவைக் காலியாக விட்டுவிட்டு வழக்கம்போல ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

நகர்ந்து உட்கார்ந்தும் சரிப்படவில்லை. நடுவே நீண்ட மௌனம் ஒன்று வைத்திருக்கிறாயே, அது வந்தபோதெல்லாம் தலை தானாகப் பாடகர் பக்கம் திரும்பியது. அங்கே மைக் ஒயர்தான் கிடந்தது.

கீழ்வேளூரில் நடவை விட்டுவிட்டு அப்பா வந்திருந்தார். தாளம் போடத் தூக்கிய கை, இறங்க இடம் தெரியாமல் தொடைக்கு மேலேயே நின்றது. "ஒண்ணும் புரியலம்மா. ஆனா எந்திரிச்சுப் போகவும் முடியல" என்றார். இது பாராட்டா, திட்டா? நீதான் சொல்ல வேண்டும்.

காலையில் அம்மா உன் படத்தைத் துடைத்து எடுத்து வந்தாள். "இத மேடையில நடுவுல வெச்சிடலாம்டி. நீ பக்கத்துல உக்காந்து வாசி. அவ எழுதினதுதானே?"

சரி என்று சொல்லிவிட்டேன், அக்கா. அப்பாடா என்றிருந்தது. நீ நடுவில், நான் ஓரத்தில். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இதற்காகவா எழுதினாய்? நீ இல்லாத பிறகும் உன் பின்னால் ஒளிந்துகொள்வதற்கா? கோபம் கோபமாக வருகிறது, உன்மேலும் என்மேலும். முதல் தடவை நான் தனியாக வாசிப்பதைக் கேட்காமல் போக எப்படி உனக்கு மனசு வந்தது?

சற்று முன்புதான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "படம் மேடைக்கு வேணாம்மா. முன்வரிசையில உன் மடியில வெச்சுக்க. அவ கேக்கட்டும்."

அம்மா படத்திலிருந்த மாலையைக் கழற்றி வைத்தாள். "கேக்க வர்றவளுக்கு மாலை எதுக்கு?" என்றாள்.

அந்த மௌனம் வரும்போது இன்று நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன். அடுத்த ஸ்வரத்தை நானே எடுப்பேன். நீ கேட்டுக்கொண்டிரு.

நடுவில் உட்காரப் போகும்
உன் தங்கச்சி