புட்டிக்கு அடியில் இருந்த பச்சை

சோப்புப் போட்டுக் கழுவியும் பெயின்ட் தின்னர் வாடை கையை விட்டுப் போகவில்லை. இந்த வாடை வந்தாலே கூடவே நீயும் வந்துவிடுவாய். நீ கண்ணை மூடிய பிறகும் எனக்கு அது ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்தக் கையை முகத்தருகே கொண்டுபோகவே பிடிக்கவில்லை.

காரை இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்று சிஓஇ உரிமத்தைப் புதுப்பித்திருக்கிறேன். பின்கதவில் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைதானே, நாமே தேய்த்துப் பூசிவிடலாம் என்று உப்புத்தாளையும் தின்னரையும் எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் மாடிக்குப் போனேன். பார், இன்னும் 'நாமே' என்றுதான் வாயில் வருகிறது.

பாசிர் ரிஸ்ஸில் உன் அடுக்குமாடி புளோக்கும் என் புளோக்கும் எதிரெதிரே. கார் நிறுத்துமிடத்து மேல்மாடியில் ஆள் வராத அந்த மூலைதான் நம் பட்டறை. வீடியோ பார்த்து வேலை கற்ற வாத்தியார்கள் நாம்! முதன்முதலில் என் பம்பருக்கு ஸ்ப்ரே அடித்த அன்று, ஈரத்தில் கொசுக்கள் வந்து ஒட்டிக்கொண்டன. "கொசுவுக்கும் சேர்த்து ஃப்ரீயா பெயின்ட் அடிச்சு விட்டுட்டோம்டா" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாய். பழைய பெயின்ட் மேலேயே பள்ளம் அடைக்கும் புட்டியைப் பூசி, அது அப்பளம் போலப் பெயர்ந்து வந்த பிறகுதான் உனக்கு ஞானம் வந்தது. அதற்கப்புறம் என்னை விட்டாயா? "தகரம் தெரியிற வரைக்கும் தேய்டா. இல்லேன்னா புட்டி நிக்காது." கை வலிக்கிறது என்றால்கூட விடமாட்டாய்.

இன்று தின்னரால் துடைத்துவிட்டு, உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுப்பதற்குள் பின்கதவில் நீ பூசிய புட்டி மொத்தமாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. அடியில் தகரம் இல்லை, பழைய வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது. நீயா இப்படிச் செய்தாய் என்று குனிந்து பார்த்தேன். நசுங்கிய மடிப்புக்குள் பச்சையாக ஒரு தீற்றல்.

அந்தப் பச்சை எனக்குத் தெரியாதா? தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு நீ ஓட்டிய வேனின் நிறம். முதலாளி கேட்ட பச்சை எந்த டப்பாவிலும் இல்லை என்று, மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நாம் இரண்டு பேரும்தானே கலந்தோம்? இந்தச் சிங்கப்பூரில் வேறு எந்த வண்டியிலும் அது கிடையாது.

அந்தக் காலை நினைவுக்கு வந்தது. போன் பண்ணி, "உன் கார்ல யாரோ இடிச்சிருக்காங்கடா, கீழ வா" என்றாய். நான் வருவதற்குள் புட்டி பூசி முடித்திருந்தாய். "பார்க்க மனசு கேக்கல. துரு ஏறிடும்ல, அதான் உடனே ஆரம்பிச்சுட்டேன்." இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன். உனக்குக் கோப்பி வாங்கிவர நான்தான் ஓடினேன், மடையன்!

கோப்பியைக் குடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாய்: "நேத்து உன் தம்பிதானே காரை எடுத்துட்டுப் போனான்? புதுசா லைசென்ஸ் எடுத்தவன்லா, திட்டாதே."

திட்டாதே என்று சொல்லியே என்னைக் கிளப்பி விட்டாய். "நான் இடிக்கலண்ணே" என்றான் தம்பி. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். இடித்தது கிடக்கட்டும், பொய் எதற்கு என்று நான் கத்தினேன். என் வீட்டில் என்னோடு இருந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் பகாரில் ஓர் அறைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு தீபாவளிக்குக்கூட என் வாசலை மிதிக்கவில்லை. அவன் இல்லாமல் இலை போட்ட தீபாவளிகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் சாப்பிட்டாய். "விடுடா, ஒருநாள் வருவான்" என்று ஆறுதல் வேறு. எப்படியடா சோறு இறங்கியது உனக்கு?

காரை அப்படியே போட்டுவிட்டு ரயிலேறித் தம்பியிடம் போனேன். கதவைத் திறந்தவனிடம், "நீ இடிக்கலடா, அவன்தான் இடிச்சிருக்கான்" என்றேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்ணே. ஆஸ்பத்திரியில இருந்தப்போ என்னை வரச் சொல்லி, கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. மன்னிச்சிடுன்னாரு. சரி, போகட்டும்னுட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

அப்போதெல்லாம் சாயங்காலம் தவறாமல் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து, உன் கட்டிலை ஒட்டித்தானே உட்கார்ந்திருந்தேன்? நர்ஸ் விரட்டும்வரை பேசுவோம். பழைய வண்டிக் கதையெல்லாம் பேசினாய், இதைத் தவிர. பழி சுமந்தவனிடமே உன் ரகசியத்தையும் சுமக்கக் கொடுத்துவிட்டு, என் கையால் கஞ்சி குடித்தாய்.

தம்பி என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். உன்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவன் உன்னை மன்னித்துவிட்டானாம், அது அவன் மனசு. என்னிடம் நீ கேட்கவே இல்லையேடா. கேட்டிருந்தால் அந்தக் கட்டிலிலேயே உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாளும் கஞ்சி கொண்டுவந்திருப்பேன்.